செம்பனை நிழலில் கை தூக்கிய ஆள்

ஈஜோக்,
சனிக்கிழமை காலை.

சபாக்கில் குடியிருக்கும் என் உடன்பிறந்த தம்பி சிவநேசனுக்கு,

அண்ணன் பாலகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். அங்கு நீயும் உன் மனைவி மாதவியும் சுகமாக இருப்பதாகக் கேள்வி. யாரிடம் கேட்டேன் என்று ஆராய வேண்டாம். ஒன்பது வருஷமாகப் பேசாதவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பயப்படவும் வேண்டாம். இது சமாதானக் கடிதம் அல்ல. என் மகள் ரூபினியின் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா என்று உன் பெயர் விடுபட்டது அச்சகத்துக்காரன் செய்த தவறு என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். இது ஒரு தகவலுக்காக மட்டும். எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருஷம் லோரி நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். தப்பான எடையை அப்படியே விட்டுவிட்டு ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

ரூபினி பெர்த்திலிருந்து போன தீபாவளிக்கு எனக்கு ஒரு டேஷ்கேம் வாங்கி அனுப்பினாள். காரின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, போகிற வழியையெல்லாம் படம் பிடிக்கிற சின்னக் கேமரா. "தனியா ஓட்டுறீங்கப்பா, யாராச்சும் இடிச்சா ஆதாரம் வேணும்லா" என்றாள். இன்று வரை என்னை யாரும் இடிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் வீட்டு முன் நிறுத்திய காருக்குள் போய் உட்கார்ந்து, அந்தக் கேமராவின் தீப்பெட்டி அளவுத் திரையில், அன்று நான் போய்வந்த வழியை மறுபடி பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தொலைக்காட்சித் தொடர்களை விட இது பரவாயில்லை, யாரும் அழுவதில்லை. போன செவ்வாய்க்கிழமை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பதினொன்று நாற்பது, கோலசிலாங்கூரில் சாமான் வாங்கிக்கொண்டு தோட்டத்துக் குறுக்குப் பாதையில் திரும்பி வருகிறேன், நாம் பிறந்த லயத்து வரிசை வீடுகள் இருந்த அந்த வளைவு வருகிறது. வெயில் கொளுத்துகிறது. அந்தக் கேமராவுக்கு வானத்தைப் பார்த்தால் மற்றதெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது. செம்பனை மரத்து அடியெல்லாம் மை கொட்டினாற்போல ஒரே கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் ஒரு ஆள். தலையில் தொப்பி. இடது தோள் இறங்கியிருக்கிறது. கையைத் தூக்கி ஆட்டுகிறான். கார் நிற்காமல் போகிறது.

பத்து வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் உன் இடது தோள் இறங்கிப்போனது உனக்கு நினைவிருக்கும், தூக்கிக்கொண்டு ஓடியவன் நான் என்பதால் எனக்கும் நினைவிருக்கிறது. தம்பி நின்று கை காட்டியிருக்கிறான், அண்ணன் பார்த்தும் பாராததுபோலப் போய்விட்டான் என்றல்லவா நீ நினைத்திருப்பாய். சத்தியமாக நான் உன்னைப் பார்க்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன் அது நீதானா என்று தெரிய வேண்டுமே. திரையைக் கைப்பேசியால் படம் பிடித்து வெளிச்சத்தை ஏற்றினேன். வானம் வெளுத்துப் பால் மாதிரி ஆனது, கறுப்பு சாம்பலானது, அந்த ஆள் இருந்த இடத்தில் திரையில் விழுந்த என் வழுக்கை தெளிவாகத் தெரிந்தது. இடம் நிறைந்தால் பழைய படத்தைக் கேமரா தானே அழித்துவிடும் என்று ரூபினி சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உடனே காரை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். மறுநாள் உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, கேமராவை ஒயரோடும் ஒட்டியிருந்த பிசினோடும் பிய்த்து எடுத்துக்கொண்டு, கைப்பேசி பழுதுபார்க்கும் விஷாலினியின் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். அந்தப் பெண் கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நகத்தால் ஓரத்தை அழுத்தி, சுண்டுவிரல் நகமளவு கார்டு ஒன்றை வெளியே எடுத்தது. "இது மட்டும் போதும் அங்கிள்" என்றது.

கடையில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். விஷாலினி கணினியில் படத்தை ஓடவிட்டதும் கடை முழுக்க என் குரல் கேட்டது. அந்தக் கேமரா சத்தத்தையும் பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "ராஜம், அந்த வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் மாத்திட்டான் பாரு. பச்சை நல்லாவா இருக்கு?" கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம். "சரி சரி, மெதுவாத்தான் போறேன்." உன் அண்ணி இராஜம்மா போய் நாலு வருஷம் ஆனது அந்தக் கடையில் எல்லாருக்கும் தெரியும். யாராவது கேட்டால் போனில் பேசினேன் என்று சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. விஷாலினி சத்தத்தைக் குறைத்துவிட்டு எனக்கு ஒரு முக்காலி எடுத்துப் போட்டது.

"பிரைட்னஸ் ஏத்தாதீங்க அங்கிள். அது எல்லாத்தையும் சேர்த்து ஏத்தும். நெழல மட்டும் தூக்கணும், வானத்த கீழ அமுக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் திரையில் ஏதோ ஒரு கோட்டைச் சுட்டியால் தள்ளியது, மையாகக் கிடந்த இடத்தில் ஓலை, புல், ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் என்று ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கூடவே மிளகாய்த்தூளையும் மஞ்சள்தூளையும் வாரி இறைத்தாற்போலப் புள்ளிகளும் வந்தன. இருட்டில் எடுத்ததைத் தூக்கினால் புள்ளியும் சேர்ந்துதான் வருமாம். அதனால் அடுத்தடுத்து வந்த எட்டுப் படங்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்திப் பொருத்தி, எட்டுக்கும் நடுவான ஒன்றைச் செய்தது. புள்ளி இடம் மாறும், ஆள் மாறமாட்டான், அதனால் ஆள் நிற்பான், புள்ளி போய்விடும் என்றது. அப்படியே போனது. ஆனாலும் ஒரு புகைமூட்டம் இருந்தது. "கண்ணாடிக்கு உள்பக்கம் எப்ப தொடைச்சீங்க?" என்று கேட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்குள் சாம்பிராணி போடுகிறேன் என்றேன். அது ஒரு துணியை எடுத்து நீட்டியது. இனிமேல் வரும் படமாவது தெளியட்டும் என்று கேமராவிலும் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டிவைத்தது. தாளில் அச்செடுத்துப் பார்த்தால் தொப்பி தெரிகிறது, தோள் தெரிகிறது, நெற்றி தெரிகிறது, மூக்குக்குக் கீழே ஓலை மறைக்கிறது. நெற்றி உன் நெற்றி மாதிரிதான் இருந்தது. சிவா, அந்தத் தாளை இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

நேற்று காலை அதை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்கே போனேன். அங்கே காவல் கொட்டகையில் தேவன் என்ற ஒருவர் இருக்கிறார், ஐம்பது வயது இருக்கும். தாளைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார்.

"இது நான்தாங்க."

"தோள் ஏன் இறங்கியிருக்கு?"

"உர மூட்டை தூக்கிக்கிட்டு நின்னேன். நல்லாப் பாருங்க, முதுகுப் பக்கம் வெள்ளையா தெரியுது."

தெரிந்தது. அதை நான் வானம் என்று நினைத்திருந்தேன்.

"எதுக்குக் கை காட்டுனீங்க?"

"உங்க கார் பின்னாடி பூட் மூடி தொறந்து ஆடிக்கிட்டே வந்துச்சு. தாண்டிப் போயி மேட்டுல ஏறி எறங்குனதும் ஒரு அரிசிப் பை விழுந்திருச்சு. நானும் கத்துறேன், நீங்க யார்கிட்டயோ பேசிக்கிட்டே போறீங்க."

கொட்டகைக்குள் போய் என் அரிசிப் பையை எடுத்து வந்து கொடுத்தார். கடையில் பையை ஏற்றவே இல்லை என்று செவ்வாய் மதியமே திரும்பிப் போய்க் கடைக்காரனிடம் சண்டை போட்டு, இனி உன் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அரிசியை வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்தேன். உன்னை நான் தாண்டிப் போகவில்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. நீ அங்கே நிற்கவே இல்லை, என்னைத் தேடி வரவே இல்லை என்பதுதான் மனதில் போய் உட்கார்ந்தது. அந்த வளைவிலேயே அரை மணி நேரம் இருந்தேன். ராஜத்தோடுகூடப் பேசவில்லை.

எழுத வந்த தகவல் இதுதான்: செவ்வாய்க்கிழமை கை காட்டியது நீ அல்ல, ஆகவே நான் உன்னைப் பாராமல் போகவும் இல்லை. ஆனால் பிழையைத் திருத்த உட்கார்ந்தவன் முழுக்கத் திருத்த வேண்டும். ராஜத்தை எடுத்த அன்று நீ வந்தாய். கேட்டுக்கு வெளியே, நிழல்துணி கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாய். அன்று நல்ல வெளிச்சம். உன்னை நன்றாகப் பார்த்தேன். உள்ளே வா என்று சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கு எந்த அச்சகத்துக்காரனும் காரணம் இல்லை.

மற்றபடி எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நேரம் போதவில்லை. ஆகவே நீ பதில் எழுத வேண்டியதில்லை, பார்க்க வரவும் வேண்டியதில்லை. இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், வாங்க மறுத்தால் திரும்பி என்னிடமே வந்துவிடும், எனக்கும் வருத்தம் இராது. நீயும் மாதவியும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்
பாலகிருஷ்ணன்

பி.கு.: தபாலில் போடவில்லை. தஞ்சோங் காராங் தாண்டி வந்து, உன் தெருமுனையில் காரை நிறுத்தி இந்த வரிகளை எழுதுகிறேன். நேரில் பேசினால் எனக்கு வார்த்தை வராது. அதனால் நீ கதவைத் திறந்ததும் இதைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுவேன், நீ இப்போது படித்துக்கொண்டிருப்பது அப்படித்தான். அவசரப்படாமல் படி. நிமிர்ந்து பார்க்க வேண்டாம். குறை இல்லை, நேரம் போதவில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடு. படித்து முடித்ததும் எதுவும் சொல்ல வேண்டாம். அண்ணனுக்குத் தேநீரில் சர்க்கரை போட வேண்டாம் என்று மட்டும் மாதவியிடம் சொல். எனக்கு இனிப்பு நீர் வந்து ஒன்றரை வருஷமாகிறது, உனக்குத் தெரிந்திருக்காது.