மாடி வீடு காலி

"ஒரே வாரத்துல மாடி வீட்டுக்கு ஆள் பிடிக்கலேன்னா என் மீசையை எடுத்துடறேன்!" என்று சபதம் போட்டேன். என் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை.

கொரோனா வந்ததும் மாடியில் இருந்தவர்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஏழு மாதமாகப் பூட்டு தொங்குகிறது. நேரில் வந்து பார்க்க எல்லோருக்கும் பயம். வீடியோ காலில் காட்டினாலோ வெற்று அறைகள் ஜெயில் மாதிரி தெரிகின்றன.

"பேசாம நாம மேல போயிடலாங்க. காத்து பிச்சுக்கிட்டு வரும்." பத்து வருஷமாக இதே பாட்டு.

"இருபத்திரண்டு படி! என் முட்டி என்ன ஆகறது?"

அப்போதுதான் ஒரு யோசனை பளிச்சிட்டது. எங்கள் சாமான்களை மேலே அடுக்கி, அழகாக வீடியோவில் காட்டினால்?

"அடேயப்பா! உங்க மூளையே மூளைங்க!" கல்யாணமாகி முதல் பாராட்டு. நான் காலி.

சோபாவை ஏற்றினோம். "டிவியும் இருந்தா களையா இருக்கும்." ஏற்றினேன். "கட்டிலு?" ஏற்றினோம். பீரோவை ஏற்றும்போது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அடுப்பு எதுக்குடி?"

"அடுப்பில்லாத சமையலறை யாருக்குப் பிடிக்கும்?"

அதுவும் நியாயம்தான். மாலையில் அவளே என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்! மாடி சோபாவிலேயே தூங்கிப்போனேன்.

எழுப்பியவள் முகமெல்லாம் சிரிப்பு. "ஆள் கிடைச்சாச்சுங்க! ஒரு தையல்காரம்மாவும் அவங்க மாமியாரும். வீடியோவுலயே பிடிச்சுப்போச்சாம்."

"பாத்தியா!" மீசையை முறுக்கினேன். "ஆமா, வயசான மாமியார் படி ஏறுவாங்களா?"

"எதுக்கு ஏறணும்? நான் காட்டினது கீழ் வீட்டை. நாலு தையல் மெஷின் போட காலி இடம்தான் வேணுமாம். நீங்கதான் துடைச்சு வச்ச மாதிரி காலி பண்ணியிருந்தீங்களே!"

"அப்ப நாம?"

"நாமதான் குடிவந்தாச்சே. இறக்கணும்னா சொல்லுங்க, பீரோவுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

முட்டியைக் கேட்டேன். வேண்டாம் என்றது. அவள் ஜன்னலைத் திறந்தாள். காற்று நிஜமாகவே பிய்த்துக்கொண்டு வந்தது. பத்து வருஷம் இதற்காகவா மல்லுக்கட்டினேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

"மீசை தப்பிச்சுதுல்ல? போய் வாசல்ல தொங்கற வாடகை போர்டைக் கழட்டிட்டு வந்துடுங்க."

கழற்றிக்கொண்டு, இருபத்திரண்டு படியும் ஏறி, மூச்சு வாங்க நின்றேன்.

"அடடா, அப்படியே பாலையும் வாங்கிட்டு வந்திருக்கலாமேங்க!"