மைலேஜரும் லொக் போட்ட சில்லும்

பொனட்டைத் திறந்து, உள்ளே மூக்கை நீட்டி உறிஞ்சியே வாகனத்தின் நோயைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இலங்கைத் தீவில் எங்கள் மைலேஜர்தான். அவர் சொன்ன நோய் எதுவும் சரியாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கைக்கு அது தேவைப்படவில்லை. கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்று, மகளோடு எங்கள் எதிர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் போட்டிருக்கும் வெள்ளைச் சேட்டின் கையை மடித்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்குவார். நிற்கிற வாகனமெல்லாம் அவருக்கு நோயாளி.

"லீட்டருக்கு எவ்வளவு போகுது மகன்?"

என்ன பதில் சொன்னாலும் அவருடைய தீர்ப்பு ஒன்றுதான். "காணாது. இன்னும் போகணும்."

பிறகு வைத்தியம் தொடங்கும். பல் டொக்டரின் காரில் பாரம் கூட என்று பின் சீட்டைக் கழற்றுவித்தார். டொக்டரின் மனைவி கொஞ்சக் காலம் முக்காலியில் இருந்தபடி கோயிலுக்குப் போய்வந்தார். வங்கி மனேஜரின் வான் வண்டியில் எண்ணெய் மூடி வழியாக ஆவி போகிறது என்று ஈரத்துவாய் கட்டுவித்தார். வான் குளித்துவிட்டு வந்ததுபோல் ஓடித் திரிந்தது. ஒன்றும் குறையவில்லையே என்று கேட்டால் மைலேஜர் கோபிக்கமாட்டார்.

"நான் பிழை விட்டதே இல்ல மகன். வாகனம் என்னப் பிழையா விளங்கிக்கொண்டிருக்கு."

அந்த நாட்களில் நான் ஒரு ஜீப் வாங்கினேன். தேயிலைத் தோட்டமொன்றில் மலை ஏறிக் களைத்த கிழட்டு ஜீப். புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறவனுக்கு ஜீப் எதற்கு என்று கேட்கலாம். யுத்த காலம். திரும்பவும் கலவரம் வந்தால் காலி வீதியை மறிப்பார்கள், அப்போது குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரை மணலிலேயே ஓடித் தப்பலாம் என்பது என் திட்டம். மணலில் எங்கே போய்ச் சேருவது என்று மனைவி கேட்டாள். அந்த இடத்தில் திட்டம் முடிந்துவிட்டது.

ஜீப் வந்த கிழமையே டீசலைக் குடிக்கத் தொடங்கியது. வீட்டுக்கும் புறக்கோட்டைக்கும் மட்டும் ஓடிய வாகனம், வவுனியா போய்வந்ததுபோல் வெறும் தாங்கியோடு வந்து நிற்கும். நானும் ஓடி ஓடி நிரப்பினேன். வடக்குக்கு எண்ணெய் கடத்துகிறார்கள் என்று எங்கும் தேடித் திரிந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன் அடிக்கடி எண்ணெய் ஷெட்டுக்கு வந்து தாங்கியை நிரப்பினால் யாருடைய கண்ணில் படும்? ஷெட்டில் காவலுக்கு நின்ற பொலிஸ் சார்ஜனின் கண்ணில் பட்டது.

"மாத்தயா, மே டீசல் கொஹேத யன்னே?" ஐயா, இந்த டீசல் எங்கே போகிறது என்று சிரித்தபடிதான் கேட்டார்.

"புறக்கோட்டைக்கு," என்றேன். பதற்றத்தில் டீசலுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு சுதாரித்து, ஜீப் பொல்லாத குடிகாரன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன்.

"அப்படியா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாறேன். எப்படிக் குடிக்குது என்று ஒருக்கா ஓடிப் பார்ப்போம்."

பயத்தில் அவர் சொன்னது முழுதாக என் காதில் ஏறவில்லை. டீசல், ஞாயிறு, வீடு, இந்த மூன்றும்தான் ஏறின. நேரே எதிர் வீட்டுக்குப் போனேன்.

"அங்கிள், ஞாயிறுக்கு முதல் இந்த ஜீப்பின்ரை குடியை நிப்பாட்டித் தாங்கோ."

மைலேஜர் பொனட்டைத் திறந்து உறிஞ்சினார். "எஞ்சின் தங்கம். ஒங்கட கால்தான் பாரம்," என்று, அக்சிலேட்டருக்குக் கீழே ஒரு பப்படத்தை வைத்தார். "இது ஒடையாமப் போய் வந்தீங்க எண்டா டீசல் தானா நிக்கும்."

அது காலி வீதியிலேயே நொறுங்கியது. செக்பொயின்ரில் வாகனத்துக்குள் ரோச் அடித்த ஆமிக்காரப் பொடியன், தூளை விரலால் தொட்டு முகர்ந்து, "மே மொகக்த?" என்று கேட்டான். இது என்ன என்ற கேள்விக்கு "பப்படம்" என்று சொல்வதைவிட வெடிமருந்து என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நான் கொஞ்சம் தின்று காட்டிய பிறகுதான் விட்டான்.

அடுத்த நாள் ரயரைப் பார்க்கிறேன் என்று முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்திய மைலேஜர், எழும்பவில்லை. சில்லின் நடுவில் இருந்த குமிழைத் தடவினார்.

"மகன், இத லொக்குக்குத் திருப்பினது யாரு?"

"நான்தான்," என்றேன் பெருமையாக. "குமிழிலை ஒரு பக்கம் ஃபிரீ, மற்றப் பக்கம் லொக் எண்டு எழுதிக் கிடந்தது. ஃபிரீயிலை விட்டால் ஆரும் சும்மா கொண்டுபோகலாம்தானே. கொண்டுவந்த அண்டைக்கே ரெண்டு சில்லையும் பூட்டிப்போட்டன்."

மைலேஜர் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். அது களவுக்குப் போடுகிற பூட்டு இல்லையாம். சேற்றிலும் மலையிலும் முன் சில்லுகளும் இழுக்கவேண்டும் என்றால் திருப்புகிற குமிழாம். தோட்டத்தில் ஓடிய ஜீப் என்பதால் உள்ளே சின்ன லிவரும் நாலு சில்லுக்கே போட்டபடி இருந்திருக்கிறது. நான் சில்லைப் 'பூட்டிய' நாளிலிருந்து, காய்ந்த தார் ரோட்டில் நாலு சில்லும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியபடி புறக்கோட்டை போய்வந்திருக்கின்றன. ஒழுங்கைக்குள் திருப்பும்போது ஸ்டியரிங் முரண்டு பிடித்ததும் ரயர் அழுததும் அதனால்தான். பழைய ஜீப் என்றால் அழும் என்று நான் நினைத்திருந்தேன்.

குமிழ்களை ஃபிரீக்குத் திருப்பினார். அன்றைக்குப் புறக்கோட்டை போய்வந்தும் டீசல் முள் அசையவில்லை. மைலேஜரின் முகத்தைப் பார்க்கவேண்டும். வாழ்நாளில் அவர் சரியாகச் சொன்ன முதல் நோய்.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்து ஒழுங்கைக்கே சொல்றேன். அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்கவேணாம்," என்றார்.

அன்று சோற்றைப் போட்டபடி மனைவி அமைதியாகக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஜீப் இப்ப குடிக்காதெல்லே?"

"சொட்டும் குடிக்காது."

"அப்ப இவ்வளவு நாளும் வாங்கின டீசல் எங்கை எண்டு சார்ஜன் கேட்டால் என்ன சொல்லப் போறியள்?"

என்னிடம் இருந்த ஒரே சாட்சி ஜீப்பின் குடி. அதைத்தான் பாய்ந்து பாய்ந்து சுகப்படுத்தியிருக்கிறேன். மைலேஜரிடம் ஓடினேன்.

"அங்கிள், திரும்ப லொக் போட்டு விடுங்கோ."

"தெரிஞ்சுகொண்டு டீசலை எரிக்கிறதா? அது பாவம் மகன். என்னால ஏலாது."

ஞாயிறு காலை சார்ஜன் வந்தார். தாங்கியை நிரப்பி, அவரே ஓட்டினார். நான் பக்கத்தில். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு மைலேஜர் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டார். தெமட்டகொடை வரை போய்த் திரும்பி வந்தோம். முள் நிறைந்த இடத்திலேயே நின்றது. ஒழுங்கையே வாசலுக்கு வந்திருந்தது.

சார்ஜன் இப்போது சிரிக்கவில்லை. "இது குடிக்கவே இல்லையே மாத்தயா. அப்போ அந்த டீசலெல்லாம் எங்கே?"

களவு போய்விடும் என்ற பயத்தில் சில்லைப் பூட்டினேன் என்று நான் சொல்லவேண்டும். ஜீப் எதற்கு, என்ன பயம் என்று அடுத்ததாகக் கேட்பார். அந்த நாட்களில் பயந்த தமிழனைவிடச் சந்தேகமான ஆள் கிடையாது.

மைலேஜர் இறங்கி முன்னால் வந்தார். துறைமுகத்தில் பழகிய சரளமான சிங்களத்தில், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அது என்னுடைய பிழை மாத்தயா. நாலு சில்லும் இழுத்தால் எண்ணெய் மிச்சம் என்று நான்தான் லொக் போடச் சொன்னேன். இவருக்கு ஜீப்பைப்பற்றி ஒன்றும் தெரியாது."

குனிந்து இரண்டு குமிழையும் லொக்குக்குத் திருப்பி, ஒழுங்கைக்குள் ஒரு வட்டம் அடித்துப் பார்க்கச் சொன்னார். சார்ஜன் ஸ்டியரிங்கோடு மல்லாடினார். ரயர்கள் அழுதன. இறங்கி வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"அங்கிள், இனி யாருடைய வாகனத்திலும் கை வைக்காதீங்க."

"சரி மாத்தயா," என்றார் மைலேஜர்.

சார்ஜனோடு சேர்ந்து ஒழுங்கையும் சிரித்தது. பல் டொக்டர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். எனக்காகத்தான் சொன்னார் என்று நான் பிறகு வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். சீட்டையும் துவாயையும் அனுபவித்தவர்கள் யார் நம்புவார்கள்? அடுத்த ஞாயிறு யாரும் பொனட்டைத் திறக்கவில்லை. மைலேஜர் பூசையிலிருந்து வந்து, மடிக்காத சேட்டுக் கையோடு நேரே வீட்டுக்குள் போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு, தங்கம்போல ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் முன் ரயர் இரண்டிலும், எண்ணெய் கொஞ்சம் கூடப் போகட்டும் என்று நானே காற்றைத் திறந்துவிட்டேன். பிறகு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அங்கிள், இது திரும்பக் குடிக்குது போலக் கிடக்கு."

சேட்டுக் கையை மடித்துக்கொண்டு வந்தார். பொனட்டைத் திறந்து நெடுநேரம் உறிஞ்சினார். காற்றுப் போய்க் கிடந்த ரயரை அவர் பார்க்கவே இல்லை.

"இது இஞ்செக்டர் பிழை மகன்," என்றார்.

"ஓம் அங்கிள்," என்றேன்.