அகில உலகச் சைபர் காவல்துறைக்கு ஒரு விளக்கம்

தணிகாசலம் ஒரகடத்து ஆலை ஒன்றில் தர ஆய்வாளர். பிரேக் பாகத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் கைபேசிக்குச் சனிக்கிழமை காலை ஒரு மெயில் வந்தது.

'அன்பார்ந்த குற்றவாளி அவர்களே' என்று மரியாதையாகவே ஆரம்பித்தது. 'நீங்கள் இரகசியமாகச் செய்துவருவது எமக்குத் தெரியும். ஒரு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் கைது செய்து, விசாரித்து, மறுபடியும் கைது செய்வோம். இப்படிக்கு, அகில உலகச் சைபர் காவல்துறை.' முத்திரையிலிருந்த சிங்கம் மழையில் நனைந்த பூனை போலிருந்தது.

எட்டு எழுத்துப்பிழைகளை எண்ணினார் தணிகாசலம். ஆனாலும் மெயிலை அழிக்கவில்லை. எழுத்துதான் பிழை, குற்றம் உண்மையாயிற்றே!

மனைவி காவேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மூஞ்சி வெளுத்துக் கீது?"

"கம்பெனி மெயிலு. விளக்கம் கேக்குறாங்க."

"குடுத்துடுங்க. நாளைக்கு எங்க அண்ணன் வூட்டுக்கு நிம்மதியா வரலாமில்ல?"

"நாளைக்கு ஆலைல ஓவர்டைம், ஓ.டி.ம்மா."

"ஞாயித்துக்கிழமைன்னாலே உங்களுக்கு ஓ.டி.தான்" என்றாள் காவேரி, ரொம்பச் சாதுவாக.

ஆலையில் புகார் மெயில் வந்தால் ஒரு நாளுக்குள் பதில் போயாக வேண்டும். ஐந்து தடவை 'ஏன்' கேட்டு மூலகாரணத்தைப் பிடித்துப் படிவத்தில் நிரப்ப வேண்டும். பதினாறு வருடப் பழக்கம். கை தானாக நிரப்பியது.

குற்றம்: ஓ.டி. என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் நண்பர் ஜோயல் அறையில் கேரம் ஆடுதல்.
ஏன்? குன்றத்தூரில் மைத்துனர் நம்பிராஜன் வீட்டுக்குப் போகாமல் தப்பிக்க.
ஏன்? அவர் கவிதை எழுதுகிறார்.
ஏன் அது தொல்லை? வாசித்தும் காட்டுகிறார்.
ஏன் எழுந்து வரக்கூடாது? வாசலை மறித்து அவர் நாற்காலி.
ஏன் நேரில் சொல்லக்கூடாது? மனைவி இருக்கிறாள்.

'திருத்த நடவடிக்கை' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். கேரத்தை விடும் உத்தேசம் இல்லை. அனுப்பினார்.

அடுப்படியில் 'டிங்' என்றது.

"யாரு?"

"நீங்கதான்" என்றாள் காவேரி, கைபேசியைப் படித்துக்கொண்டே. "போன வாரம் நான் வேலை செய்யுற கம்பெனி லைன்ல பன்னெண்டு பேருக்கு இந்தத் திருட்டு மெயிலு வந்துச்சு. வுழுந்து வுழுந்து சிரிச்சோம். துட்டு கேட்ட வரியைத் தூக்கிட்டு, புதுசா ஒரு மெயில் ஐ.டி. போட்டு உங்களுக்கு அனுப்பினேன்."

"எதுக்குடி?"

"ஓ.டி. பார்த்த சட்டைல கிரீஸ் இருக்கும். உங்க சட்டைல கேரம் பவுடரு."

"எட்டுப் பிழை இருந்துச்சே..." என்றார் ஈனசுரத்தில்.

"ஆறு அவங்களுது. ரெண்டு என்னுது. அது கெடக்கட்டும், ஒரு கட்டத்தைக் காலியா வுட்டுட்டீங்களே? நான் ரொப்பிட்டேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் குன்றத்தூரில், வாசலை மறித்த நாற்காலிக்கு நேர் எதிரே, தணிகாசலம் ஓ.டி. பார்த்துக்கொண்டிருந்தார்.