கோட்டுப் போட்ட கொள்ளுத் தாத்தா

எந்தக் குடும்பத்திலும் சும்மா இருக்கத் தெரியாத ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது நான். இதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தங்கை தர்ஷினியைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் சொல்லுவாள்.

அவளுடைய நிச்சயதார்த்தத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. பொறாமையோ சண்டையோ காரணமில்லை. முழுக்க முழுக்கப் பாசத்தினால் செய்தேன். (பாசத்தினால் செய்தால் மட்டும் மன்னித்துவிடுவார்களா என்ன?)

ஆரம்பம் என் அலுவலகத்தில். மலாக்காவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். பக்கத்து மேசையில் ஒரு சீனத் தோழி. ஒரு நாள் அவள் தன் குடும்ப மரத்தைப் புத்தகமாகவே கொண்டுவந்தாள். சிவப்பு அட்டை, தங்க எழுத்து, யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று சீனாவின் ஏதோ ஒரு கிராமம் வரை போகிறது. "உங்கள் குடும்பத்தில்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அப்பா, அவருக்கு மேல் தாத்தா, அவருக்கு மேல் கொள்ளுத் தாத்தா, அவருக்கு மேல் கப்பல். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் குடும்ப வரலாற்றை நானே கண்டுபிடிப்பது என்று.

முதலில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பிடித்தேன். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகங்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆவலோடு திறந்தால், பக்கம் பக்கமாக எண்கள். ஆண் இத்தனை, பெண் இத்தனை, தோட்டத்தில் இருப்பவர்கள் இத்தனை. ஒரு பெயர் கிடையாது. அந்த எண்ணிக்கையில் ஒருவர் என் கொள்ளுத் தாத்தா முத்துக்கருப்பன் என்பது நிச்சயம். எந்த ஒருவர் என்பதுதான் தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, ஆனாலும் அதை வைத்துச் சிவப்பு அட்டைப் புத்தகம் போட முடியாது.

அடுத்து, உறவினர் வீடுகளில் உள்ள ஞாபகப் பொருள்கள். சனி ஞாயிறு ஆனால் என் கணவர் சேகர் காரை எடுப்பார், நான் பலகாரப் பையோடு ஏறுவேன். புலாவ் செபாங்கில் ஒரு சித்தப்பா, கொள்ளுத் தாத்தாவின் கைத்தடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். "இது ஒண்ணுதாம்மா அவரு ஞாபகமா இருக்கு" என்று கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. அடுத்த வாரம் தம்பினில் ஒரு பெரியப்பா வீட்டிலும் அதே மாதிரி 'ஒரே ஞாபகமாக' ஒரு கைத்தடி இருந்தது. அதற்கடுத்த வாரம் ஜாசினில் இன்னொன்று. திரும்பி வரும்போது சேகர் கேட்டார், "ஒங்க கொள்ளுத் தாத்தாவுக்கு மொத்தம் எத்தன காலு?"

ஆராய்ச்சியாளர்கள் கேலிக்குப் பதில் சொல்வதில்லை.

எங்கள் குடும்பத்தில் சந்தேகமே இல்லாத ஞாபகப் பொருள் ஒன்றுதான். அப்பா வீட்டுச் சாமி அறைக்கு மேலே மாட்டியிருக்கும் கொள்ளுத் தாத்தா படம். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, காது வரை போகும் மீசை. ஒரு கை வட்ட மேசைமேல், மேசையில் பூச்சாடி, கோட்டில் கடிகாரச் சங்கிலி. கன்னத்தில் மட்டும் லேசாக ரோஸ் நிறம். பார்ப்பவரை அதட்டுவது போல ஒரு முழி. வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த மனிதருக்குக் கோட்டும் கடிகாரச் சங்கிலியும் எங்கிருந்து வந்தன என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. வரலாற்று ஆராய்ச்சியாளரான நானும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தர்ஷினியின் காதலுக்கு வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் கிடைத்தது. மாப்பிள்ளை லோகேஸ், செலண்டார் ஊர்க்காரன். நல்ல பையன், நல்ல வேலை. ஆனால் காதில் கடுக்கன் போட்டிருந்தான் என்று அப்பா இரண்டு வருடம் இழுத்தடித்தார். அவன் கழற்றிவிட்டு வந்து நின்றான். "ஓட்டை இருக்கே?" என்றார் அப்பா. அங்கே லோகேஸின் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஜாதகம், முறை, குலம், கோத்திரம் எல்லாம் பார்ப்பவர். இவர்கள் இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைக்கத் தங்கை பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளை வீடு பார்க்க எல்லோரும் செலண்டார் போனோம். தே தாரே என்று நுரை பொங்க ஆற்றிய டீ கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் எங்கள் கொள்ளுத் தாத்தா.

அதே கோட்டு. அதே மேசை. அதே மீசை. மாலை மட்டும் வேறு.

"இவங்க யாருங்க?" என்று கேட்டேன், டீயைக் கீழே வைத்துவிட்டு.

"எங்க கொள்ளுத் தாத்தா, ராமசாமி," என்றான் லோகேஸ்.

எங்கள் ஆட்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா மாப்பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைத்தொலைபேசியில் ரகசியமாக ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வழி முழுக்க என் மூளை வேலை செய்தது. ஒரே முகம், இரண்டு பெயர். ஒன்று, ஒரே மனிதர் இரண்டு தோட்டத்தில் இரண்டு பெயரில் இரண்டு குடும்பம் நடத்தியிருக்க வேண்டும். அது நிச்சயதார்த்தத்துக்குப் பொருத்தமான செய்தி இல்லை. ஆகவே அவர்கள் இரட்டையர்கள் என்று முடிவு கட்டினேன். ஒரே கோட்டு எப்படி? இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே துணியில் தைப்பதுதானே வழக்கம்! கப்பலில் ஒன்றாக வந்து, இறங்கியதும் ஆளுக்கொரு தோட்டமாகப் பிரிந்த அண்ணன் தம்பி. இத்தனை காலம் கழித்து அவர்கள் வாரிசுகள் மணமேடையில் சேர்கிறார்கள். எனக்குக் காரிலேயே அழுகை வந்தது. (சேகர் கேட்டபோது தூசி என்றேன்.)

இதை யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்தன்று எல்லோருக்கும் இன்ப அதிர்ச்சி கொடுப்பதாகத் திட்டம்.

மலாக்காவில் கோயில் பக்கத்து மண்டபம். இரண்டு பக்கமும் தட்டுகள் வரிசையாக வைத்தாயிற்று. தர்ஷினி பச்சைப் பட்டில் உட்கார்ந்திருக்கிறாள். தட்டு மாற்றுவதற்கு முன் "ஒரு சின்ன நிகழ்ச்சி" என்று மைக்கைப் பிடித்தேன். விளக்கை அணைத்தார்கள். பின்னணியில் புல்லாங்குழல். சுவரில் இடப்பக்கத்திலிருந்து எங்கள் தாத்தா மெல்ல நகர்ந்து வந்தார், வலப்பக்கத்திலிருந்து அவர்கள் தாத்தா. நடுவில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பொருந்தி ஒரே ஆளானார்கள். கீழே காவி எழுத்தில், 'இரு குடும்பம், ஒரே வேர்!'

நான் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

என் தாய்மாமா மணியம் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "இரு இரு. ஒங்க கொள்ளுத் தாத்தாவும் அவங்க கொள்ளுத் தாத்தாவும் அண்ணன் தம்பியா?"

"ரெட்டப் பிள்ளைங்க மாமா!"

"ரெண்டு பக்கமும் அப்பா வழியா?"

"ஆமா மாமா! நேரா அப்பா வழி. நல்லா செக் பண்ணிட்டேன்!"

"அப்ப இவன் அவளுக்கு அண்ணன் லா," என்றார் மாமா.

யாரோ விளக்கைப் போட்டார்கள். புல்லாங்குழலை நிறுத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பங்காளி! அண்ணன் தங்கை முறை! வாரக்கணக்கில் அந்தப் படங்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்த எனக்கு, அது ஒரு நிமிடம்கூட உறைக்கவில்லை. தர்ஷினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்தப் பார்வையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் மைக்கோடு நின்றேன்.

லோகேஸின் அப்பா எழுந்துவிட்டார். "தட்ட எடுத்து வைங்க. பங்காளி வீட்டுல பொண்ணு எடுத்தா செலண்டார்ல நான் தல காட்ட முடியாது."

"அப்பா, யாரோ தாத்தாப்பா!" என்று லோகேஸ் கத்தினான்.

"யாரோ இல்லடா. ஒன் தாத்தா!"

மணியம் மாமா சமாதானத்துக்கு வந்தார். "ஏய் பவானி, அந்தப் படத்த அம்மா வழிக்கு இழுத்து வெச்சிடு லா. அப்ப ரெண்டு பேரும் மாமன் பிள்ள, அத்த பிள்ள. ஜம்முனு முறை வந்திடும்."

"அப்படியெல்லாம் இழுக்க முடியாது மாமா. இது வரலாறு."

"மௌஸ்ல இழுத்தா வருமே? எங்க பக்கம் படமே இல்ல. நான் வெச்சிக்கிறேன், எனக்கு ஆட்சேபணை இல்ல."

இதற்கு எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. "எங்க தாத்தாவ நான் ஏன் மச்சானுக்குக் குடுக்கணும்? வேணும்னா அவங்க தாத்தாவ அவங்க அம்மா பக்கம் மாத்தட்டும்." அவர்கள் மாற்ற மாட்டோம் என்றார்கள். தாத்தாவை எந்த வீடு விட்டுக்கொடுப்பது என்று பேரம் தொடங்கியது.

அப்போது ஒலிபெருக்கி வைக்க வந்த அண்ணன் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. இது எங்க தாத்தா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிலைமையிலும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். இன்னொரு கிளை! அவருடைய தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதப் போனேன். சேகர் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

சாப்பாட்டுக்காரம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரரோட தாத்தாவ ஏன் செவுத்துல போட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். பின்வரிசையிலிருந்து இன்னொருவர் எழுந்தார், எங்கள் வீட்டிலும் இருக்கிறார் என்று. இரட்டையர்கள் இப்போது ஒரு கால்பந்துக் குழுவாகிவிட்டார்கள். என் கண்டுபிடிப்புப்படி இனி மலாக்கா மாநிலத்துத் தமிழர் யாரும் உள்ளூரில் பெண் எடுக்க முடியாது, பக்கத்து மாநிலமான ஜோகூருக்குத்தான் போக வேண்டும்.

திடீரென்று ஒரு சிரிப்புச் சத்தம். லோகேஸின் அப்பாவுக்கு மூத்த அக்கா, அஞ்சலை அத்தை. அதுவரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அதே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"அடப் பாவிங்களா, இது படக்காரரு வரைஞ்ச படம் லா!"

"எந்தப் படக்காரரு?" என்றார் அவர் தம்பி.

"நீ அப்ப பொறக்கல. சம்பளத்தன்னிக்குத் தோட்டம் தோட்டமா சைக்கிள்ல வருவாரு. ஃபோட்டோ இருந்தா பாத்து வரைவாரு. இல்லாதவங்களுக்குக் கேட்டு வரைவாரு. அப்பாவ உக்கார வெச்சிக் கேட்டாரு. ஒங்க அப்பாருக்கு மீச பெருசா, சின்னதா? பெருசு. முழி? கோவமா இருக்கும். கோட்டுப் போட்டுடவா? போடுங்க. அவ்ளோதான்! அடுத்த சம்பளத்துக்குப் படம் வந்திருச்சி."

"எல்லாருக்குமா ஒரே மூஞ்சி?"

"பின்ன? எந்தத் தோட்டத்துல எந்தப் பிள்ள எங்கப்பாவுக்குச் சின்ன மீசைன்னு சொல்லுவான்?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அத்தைதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "ஆனா படத்தப் பாத்துட்டு எங்கப்பா, 'அப்படியே எங்க அப்பாரு'ன்னு அழுதாரு."

"எங்கப்பாவும் அழுதாரு," என்றார் என் அப்பா மெல்ல. அவரும் லோகேஸின் அப்பாவும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்த முறை தூசி என்று சொல்லவில்லை.

நிச்சயதார்த்தத்தை நடத்த வந்த பூசாரி பொறுமை இழந்து அப்பாவிடம் திரும்பினார். "ஒங்க குலதெய்வம்?"

"பச்சையம்மன்."

"அவங்களுக்கு?"

"மதுரைவீரன்."

"அப்ப பங்காளி இல்ல. தட்ட மாத்துங்க, நல்ல நேரம் போவுது."

இத்தனை மாத ஆராய்ச்சியில் இந்த ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை.

தட்டு மாற்றினார்கள். கல்யாணமும் நடந்தது. கல்யாணத்தில் எனக்கு ஒரே வேலை, வாசலில் பன்னீர் தெளிப்பது. அதற்கும் மேற்பார்வைக்கு ஆள் போட்டிருந்தாள் தர்ஷினி. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எங்கே வரன் பேசினாலும், ஜாதகம் கேட்பதற்கு முன் "பவானிகிட்ட படம் ஏதும் இல்லியே?" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

தங்கையின் புது வீட்டுக்கு இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு பிரதி போட்டுத் தங்கள் கொள்ளுத் தாத்தாவைக் கொடுத்தார்கள். யாருடையதை மாட்டாமல் விடுவது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டாள் தர்ஷினி. தீபாவளிக்கு இரண்டு மாலை வாங்குகிறாள்.

போன மாதம் அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்களாம். பிள்ளை அப்பா பக்கம் ஒரு படம், அம்மா பக்கம் ஒரு படம் என்று ஒழுங்காக ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சாயங்காலம் என் தொலைபேசி அடித்தது. சேகர் எடுத்தார், கொஞ்ச நேரம் கேட்டார், பிறகு முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் என்னிடம் நீட்டினார்.

"பிள்ளையோட டீச்சர். அவங்களோட சொந்தத் தாத்தா படம் ஒங்களுக்கு எப்படிக் கெடச்சிச்சின்னு கேக்குறாங்க. தர்ஷினி ஒன் நம்பரக் குடுத்திருக்கா. பேசு, ஒன் பங்காளிதான்."