பர்ஜோவின் கிளட்ச்

"கெட்டியா பிடிச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு பர்ஜோ கிளட்சை விட்டான். வண்டி குளிர்ஜுரம் கண்டவனைப் போல உதறியது. பின்னால் இருந்த ரத்மிக்கு நிறைமாதம். பத்தடி தூரம் அவளைக் கிடுகிடுவென்று குலுக்கிவிட்டுத்தான் அது அடங்கியது.

"வலிக்குதாம்மா?"

"இல்லண்ணே. சந்தை வரைக்கும் போயிட்டு வரலாம். ஒவ்வொரு முக்குலயும் நின்னு நின்னு போங்க."

பாவம், பயந்திருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சாலத்திகா ஊரின் மேட்டுச் சாலையில் ஆள் ஏற்றிப்போக வாடகைக்கு நிற்கும் ஆறு மோட்டார் சைக்கிள்களில் அவனுடையதற்கு மட்டும்தான் இந்த வியாதி. ஆபீஸ் போகிறவர்கள் அவன் நீட்டும் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். அவனுக்கு வாய்த்ததெல்லாம் பிள்ளைத்தாய்ச்சிகள்தான். ஒருத்திக்கு ஒன்று ஆகிவிட்டால் பழி தன் தலையில்தான் விடியும் என்ற கவலையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் கிமான் வண்டியைப் பிரித்தான். "பிளேட் பளபளன்னு ஆயிடுச்சு. தேய்ச்சா போதும்."

உப்புத்தாளால் தேய்த்தான். மறுநாள் குலுக்கலோடு ஊளைச் சத்தமும் சேர்ந்துகொண்டது.

"அப்ப ஸ்பிரிங்தான்" என்றான் கிமான். புது ஸ்பிரிங் போட்டதும் வண்டி தவளை மாதிரித் தாவியது.

"உனக்குத் தொழில் தெரியுமாய்யா?"

"தெரியப்போயிதான் இந்த மட்டுக்கும் கிளம்புது."

வண்டி கெடக் கெடப் பிள்ளைத்தாய்ச்சிகள் அதிகமானார்கள். அந்த வாரம் மட்டும் ஐந்து பேர். "பிரசவ வார்டுன்னு எழுதி மாட்டிக்க" என்று ஸ்டாண்டில் சிரித்தார்கள். ரத்மி மூன்றாவது தடவையாக வந்தாள். சந்தை முக்கில் அவன் தோளைத் தட்டி, "அண்ணே, பனிக்குடம் உடைஞ்சிருச்சு" என்றாள்.

வண்டியைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டே அவளை மருத்துவச்சி எண்டாங் வீட்டில் சேர்த்தான். தாயும் பிள்ளையும் நலம். ரத்மியின் புருஷன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். திட்டாமல் விடுகிறானே, எவ்வளவு பெரிய மனசு என்று பர்ஜோவுக்குக் கண் கலங்கியது.

இனி உயிரோடு விளையாடக் கூடாது. ஏழு வருஷமாக வளர்த்த மணிப்புறாவைக் கூண்டோடு விற்றான். விடியற்காலையில் அது கூவுவதைக் கேட்பது ஒன்றுதான் அவனுக்கு இருந்த சந்தோஷம். அந்தப் பணத்தில் புது கிளட்ச் செட் முழுவதும் ஏறியது. வண்டி கிளம்புவதே தெரியவில்லை.

முதலில் ஏறிய கர்ப்பிணிப் பெண் சந்தை வரை போய்த் திரும்பி இறங்கினாள். "அவ்வளவுதானா?" என்று வாடிய முகத்தோடு கேட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு யாரும் வரவில்லை. கெட்ட பெயர் ஆபீஸ்காரர்களுக்கும் மறக்கவில்லை. எட்டு நாள் வெறும் சீட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டில் புறா இல்லாத மௌனம் வேறு அவனைத் தின்றது.

ஒன்பதாம் நாள் எண்டாங்கே வந்து ஏறினாள். வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

"என்னண்ணே, குலுக்கலையே காணோம்?"

"சரி பண்ணிட்டேன்க்கா" என்றான் பர்ஜோ, பல நாளுக்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்தி. "இனிமே எந்த வயித்துக்கும் பயமில்ல."

"கெடுத்தீங்க போங்க. நாள் தள்ளிப்போயும் வலி எடுக்காதவங்களையெல்லாம் உங்க வண்டிக்கு நான்தானேண்ணே அனுப்பிட்டிருந்தேன்."