கடலுக்கு முதல் கற்பூரம்

கண்ட இடத்தில் கடவுளைக் கும்பிடுவது நல்ல பழக்கம். கண்டது கடவுள்தானா என்று விசாரித்துவிட்டுக் கும்பிடுவது அதைவிட நல்ல பழக்கம். இந்த இரண்டாவதை நான் பிந்தித்தான் படித்தேன். அதில் நட்டப்பட்டது என் மனைவி புவனம்.

மொன்றியலில், சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கியவர் யோர்கோஸ், கிரேக்கர். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, மகளின் கலியாணத்தைத் தான் பிறந்த தீவில், ஒரு கடற்கரைக் கிராமத்தில் வைத்து, எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். கலியாணம் முடிய எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு காலை. மத்தியானம் கப்பல்.

புவனம் கேட்டது ஒன்றுதான்.

"என்னப்பா, பருத்தித்துறையை விட்டு வந்தாப் பிறகு நான் கடலிலை கால் வைக்கேல்லை. இண்டைக்கு ஒருக்கா இறங்குவம்."

"ஓம், இறங்குவம். முதல் கரையிலை இருக்கிற அந்தப் பழங்கோயிலைப் பாத்துக் கும்பிடுவம். நீர் ஒரு அரை மணித்தியாலம் பொறும். கடல் எங்கை ஓடப் போகுது?" என்றேன்.

(கடல் ஓடவில்லை. நாங்கள்தான் ஓடினோம்.)

கோயில் என்றது இடிந்த தூண்கள். அவற்றின் பின்னால் ஒரு வட்டக் கல். சுற்றிவரக் கால்வாய் வெட்டி, ஒரு பக்கம் வழிந்தோட மூக்கும் வைத்திருந்தது. சாட்சாத் ஆவுடையார்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"புவனம், சிவன்! இஞ்சையும் வந்து இருக்கிறார்!"

"லிங்கத்தைக் காணேல்லையே?"

"ஆரும் கொண்டு போயிருப்பாங்கள்."

கற்பூரம் இல்லாமல் நான் வீட்டுப்படி இறங்குவதில்லை. தூரத்தில் நின்ற காவலாளியிடம் கற்பூரத்தைத் தூக்கிக் காட்டி, "ஓகே?" என்றேன். அவர் கையை ஆட்டி, "ஓஹி! ஓஹி!" என்றார். இந்த ஊரில் ஓகேயை இப்படித்தான் சொல்வார்களாக்கும் என்று கொளுத்தினேன். தேவாரத்தின் இரண்டாம் வரிக்கு வருவதற்குள் பக்கத்துக் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. காவலாளி வாளித் தண்ணீரோடு ஓடி வந்து ஊற்றினார். (கல்லுக்கு அபிஷேகமும் ஆயிற்று.)

எங்களை அவருடைய அறையில் இருத்திவிட்டார்கள். ஆள் அனுப்பிக் கூப்பிட, ஓடி வந்த யோர்கோஸ் கெஞ்சு கெஞ்சென்று கெஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கள் மொழியில் ஓஹி என்றால் கூடாது. அதோடு அது சாமியும் இல்லை, ஒலிவ் எண்ணெய் பிழிந்த பழைய செக்கு" என்றார்.

எங்களை விட்டபோது கப்பல் ஊதிவிட்டது. கடலுக்குப் பக்கத்தாலேயே துறைக்கு ஓடினோம். புவனம் ஓட ஓடக் கடலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிறகு அவளுக்கு முழங்கால் பழுதாகி, அப்படியொரு பயணம் அமையவேயில்லை. இன்றும் குசினியில் ஒலிவ் எண்ணெய்ப் போத்தலைக் கண்டால் பிள்ளைகள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "அப்பா, செக்கீஸ்வரருக்கு அரோகரா!" என்பார்கள். புவனமும் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

சிரித்து முடிந்ததும், "அந்தத் தண்ணி சூடோ குளிரோ எண்டுகூட எனக்குத் தெரியாது" என்பாள்.