ஓட்டைக் குடை

இனிச் செத்தாலும் சீனி தொடமாட்டேன் என்று வயல்காரர் மக்கீன் போடியார் மனைவி சுல்பிகாவின் முன்னால் வல்லாஹி போட்டுச் சத்தியம் செய்தார். சீனி வருத்தம் என்று டாக்டர் சொல்லியும் அடங்காத மனிதர், பாவக்காய் என்றதும் அடங்கிவிட்டார். ஒருமுறை பிடிபட்டாலும் வருஷம் முழுக்க விடியலில் பாவக்காய்ச் சாறு என்பது சுல்பிகாவின் தீர்ப்பு.

அந்தச் சத்தியத்தின் ஈரம் காயுமுன்னே கல்முனைச் சந்தையில் அல்வா மாதிரி இனிக்கும் தொதல் ஒரு டின் வாங்கிவிட்டார். சத்தியம் செய்தது வாய், வாங்கியது கைதானே! நிந்தவூரில் அப்போது சிறுபோக அறுவடை முடிந்த நேரம். அறை நிறைய நெல்மூட்டை. அதில் ஒன்றை அவிழ்த்து, டின்னை நெல்லுக்குள் புதைத்துத் தைத்து மூடினார். எந்த மூட்டை? சுவர் ஆணியில் தொங்கும் ஓட்டைக் குடைக்கு நேர் கீழே உள்ளது. குடை இருக்கும்வரை வேறெதை ஞாபகம் வைக்க வேண்டும்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. சுல்பிகா ஆள் பிடித்து, மூட்டைகளை வளவுக்கு இழுத்துப் போட்டு, அறைக்குச் சுண்ணாம்பு அடித்துத் திரும்பவும் அடுக்குவித்தாள். வயலால் வந்த போடியார் எட்டிப் பார்த்தார். குடையைக் காணவில்லை. மூட்டைகளுக்கு எல்லாம் ஒரே முகம். சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. அவருடைய மூளையும் அப்படியே.

"புள்ள, இதுல ஒரு குடை கிடந்ததே, எங்க?"

"என்னத்துக்கு? மழையா பெய்யிது?"

"இல்ல... வெயில்."

"ஓட்டைக் குடையிலயா வெயில் மறைக்கப் போறீங்க?"

"சும்மா கேட்டன்." பிறகும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார்.

"சும்மா கேக்கிற மனிசன் சோறு தின்னக்குள்ளயும் கேட்டீங்க, லுஹர் தொழுதிட்டு வந்தும் கேட்டீங்க. இப்ப என்ன, மூட்டைய மோந்து பாக்கிறீங்க?"

"அந்துப்பூச்சி இரிக்கா எண்டு பாக்கிறன்."

"பூச்சிக்கு வாசமும் இரிக்கா?"

போடியார் அஸர் தொழப் பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால், குடை பழைய ஆணியில் தொங்குகிறது! மனைவியின் நல்ல மனதை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்க் கீழே நின்றார். குடைப்பிடி மண்டையில் நங்கென்று இடித்தது.

இடித்ததுதான் தாமதம், எல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கும் இதே பிடி இதே இடத்தில் இடித்தது. மண்டையைத் தடவிக்கொண்டே தைத்தார். பாதியில் சணல் முடிந்துபோனது. மிச்சத்தைத் தைத்தது வலை நூலால். பச்சை வலை நூல்!

மூலையில் ஒரு மூட்டையின் வாயில் பச்சை தெரிந்தது. பிரித்துத் தோள்வரை கையை விட்டு, டின்னை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கிடைச்சிட்டா?"

வாசலில் சுல்பிகா. கையில் பீங்கான் தட்டு.

"உனக்கு... முதலே தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? என்னத்தையோ ஒளிச்சிருக்கீங்க எண்டு மட்டும் விளங்கிச்சு. இத்தின மூட்டையையும் நான் அவுத்துத் தேடுறதா? உங்களுக்கு ஞாபகம் வந்தாத்தானே எனக்குக் கிடைக்கும். அதான் குடையக் கொண்டு மாட்டினன்."

டின்னை வாங்கி, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். "நல்லாத்தான் இரிக்கி."

"வல்லாஹி, நான் இன்னும் வாயிலயே வைக்கல்ல!"

"ஓம், கண்டன். அதுக்குத்தான் பாவக்காயும் வாங்கி வெச்சிரிக்கி."

போடியாருக்கு வந்த கோபத்துக்குக் குடைதான் அகப்பட்டது. கிணற்றில் எறிய அதைக் கழற்றப் போனார்.

"அதத் தொடாதீங்க," என்றாள் சுல்பிகா, தொதலை மென்றுகொண்டே. "அடுத்த பெருநாளைக்கும் எனக்கு வேணும்."